மூக்கில் வால் வைத்த போர் விமானம்: தெர்மாகோலில் செய்யும் முறை

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் கர்டிஸ்-ரைட் நிறுவனம் கட்டிய எக்ஸ்பி-55 அசெண்டர் போர் விமானத்துக்கு, வாலில் இருக்கவேண்டிய சின்ன இறக்கை மூக்கில். எஞ்சினும் புரொப்பல்லரும் பின்னால். ஜப்பானின் ஷின்டென்னும் இதே ஜாதிதான். அது முதலில் பறந்த 1945 ஆகஸ்ட் 3 அன்று போர் முடிய 12 நாள்தான் பாக்கி. இந்த அமைப்பின் சூட்சுமம் கிளைடர் (எஞ்சின் இல்லாமல் மிதக்கும் விமானம்) செய்து எறிந்தால் கைக்கே தெரிந்துவிடும்.

5 மி.மீ. தெர்மாகோல், 32 செ.மீ. மூங்கில் குச்சி, ஃபெவிகால், பிள்ளைகள் விளையாடும் க்ளே போதும். ஃபெவிக்விக் வேண்டாம், தெர்மாகோலைத் தின்றுவிடும்.

பெரிய இறக்கைக்கு 20×8 செ.மீ. துண்டு இரண்டு. இரு நுனியும் 2 செ.மீ. உயர்ந்திருக்கும்படி நடுவில் ஒட்டி, அதன் முன்விளிம்பு மூக்கிலிருந்து 23 செ.மீ.யில் வரும்படி குச்சிமேல் பொருத்துங்கள். அசல் விமானத்தின் இறக்கை பின்னோக்கிச் சாய்ந்தது. கணக்கு எளிதாக இருக்க இங்கே நேராக வைத்திருக்கிறோம். இரு நுனியிலும் 6×6 செ.மீ. துடுப்பு ஒவ்வொன்று, செங்குத்தாக. மூக்கில் 16×5 செ.மீ. முன்னிறக்கை. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை மடித்து அடியில் வைத்து, முன்னிறக்கையின் முன்விளிம்பை மட்டும் 3 மி.மீ. தூக்கி ஒட்டுங்கள்.

பலர் கோட்டைவிடுவது எடையில்தான். வழக்கமான விமானம்போல இறக்கைக்கு அடியில் விரலை வைத்துச் சமன் பார்த்தால் இது உருப்படாது. முன்னிறக்கையும் எடையைத் தாங்குவதால், பெரிய இறக்கையின் முன்விளிம்புக்கு 4 செ.மீ. முன்னால், அதாவது மூக்கிலிருந்து 19 செ.மீ.யில் சமன் நிற்கவேண்டும். அதுவரை மூக்கில் க்ளே சேருங்கள்.

தோள் உயரத்தில், தரைக்கு இணையாக, மெதுவாக விடுங்கள். மூக்கு தூக்கி மல்லாந்து விழுந்தால் எடை பின்னால் இருக்கிறது, க்ளே கூட்டுங்கள். அசெண்டரும் மல்லாந்திருக்கிறது. 1943 நவம்பர் 15 அன்று ஸ்டால் (மூக்கு அதிகம் தூக்கி, இறக்கை தாங்காமல் போகும் நிலை) சோதனையில் தலைகீழாகப் புரண்டு, மீளாமல் சுமார் 16,000 அடி விழுந்தது. விமானி பாராசூட்டில் தப்பினார். பிறகு இறக்கை நுனியை நீட்டினார்கள், முன்னிறக்கையின் அசைவையும் கூட்டினார்கள்.

மூக்கு ஏறி இறங்கித் தலையாட்டிக்கொண்டே போனால் அட்டையை அரை மி.மீ. குறையுங்கள். நேராகக் குத்தினால், சமன் 19 செ.மீ.யில்தானா என்று பார்த்துவிட்டு அட்டையைக் கூட்டுங்கள். ஒரே பக்கம் சுற்றினால் இறக்கை முறுக்கியிருக்கும். மேசைமேல் வைத்தால் தெரியும்.

தர்மபுரிப் பக்கம் ராகி அறுத்த கொல்லை இதற்கு அருமையான இடம். காற்று கிளம்பும் முன், காலையிலேயே விடுங்கள். கிருஷ்ணகிரி மாந்தோப்பு ஓரம் வேண்டாம், மரத்தில் சிக்கினால் கழி தேடவேண்டும். முதலில் உடைவது முன்னிறக்கைதான். இரண்டு கூடுதலாக வெட்டி வையுங்கள். மாற்றியதும் சமனை மறுபடி பாருங்கள்.