ஆங்கில விடுமுறை வாசிப்பு: நம் பிள்ளைகள் சறுக்கும் இடங்கள்

சௌராஸ்தா சந்தையின் மாடியில் பழைய புத்தகக் கடைகள் இருப்பது பினாங்குக்காரர்களுக்குத் தெரியும். என்னிடம் டியூசனுக்கு வரும் மாணவி ஒருத்தியின் அம்மா போன ஆடி மாதம் அங்கே போய், பள்ளியின் விடுமுறை வாசிப்புப் பட்டியலில் இருந்த நாவலை 8 வெள்ளிக்கு வாங்கி வந்தார். தலைப்பு சரி, எழுத்தாளர் பெயரும் சரி. பிள்ளை இரண்டே நாளில் முடித்துவிட்டாள். "இவ படிக்கிற வேகத்தைப் பாத்தீங்களா டீச்சர்" என்று அம்மாவுக்குப் பெருமை. புத்தகத்தை வாங்கிப் புரட்டினேன். மொத்தமே 96 பக்கம். பள்ளி கேட்டிருந்ததோ முந்நூறு பக்கத்தைத் தாண்டும் முழு நாவல். கைக்கு வந்தது, ஆங்கிலம் பழகுகிறவர்களுக்காகச் சுருக்கி எளிய சொற்களில் திருப்பி எழுதிய பதிப்பு.

இந்தத் தவறு ஆண்டுதோறும் ஒரு வீட்டிலாவது நடக்கிறது. அட்டை ஒன்றும் காட்டிக்கொடுக்காது. உள்ளே முதல் இரண்டு தாள்களைப் பாருங்கள். அப்ரிட்ஜ்ட், அடாப்டட், ரீடோல்ட் என்ற சொற்களோ, ஸ்டேஜ் 3, லெவல் 4 என்பது போன்ற குறியோ இருந்தால் அது சுருக்கப் பதிப்பு. கதைப் போக்கு அதிலும் இருக்கும். ஆனால் ஆங்கிலத்தில் முன்னே நிற்பவர்களுக்கான வகுப்பில் கேள்வி கேட்பது கதைப் போக்கைப் பற்றி மட்டுமா? வாக்கியம் ஏன் இப்படி முடிகிறது, இந்த வருணனை இங்கே எதற்கு என்று கேட்பார்கள். சுருக்குகிறவர் முதலில் வெட்டுவதே அவற்றைத்தான்.

முழுப் பதிப்பே வாங்கினாலும் பதிப்புக்குப் பதிப்பு பக்க எண் மாறும். மின்னூலில் எழுத்தைப் பெரிதாக்கினாலே பக்கம் இடம் மாறிவிடும். 2016 முதல் கிரீன் லேனில் இயங்கும் பினாங்கு மின்னூலகத்தில் படித்தாலும் சரி, அண்ணன் படித்த பழைய பிரதியை எடுத்தாலும் சரி, குறிப்பில் அத்தியாய எண்ணையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். ஆகஸ்டில் பள்ளி திறந்ததும் வகுப்பே 112-ஆம் பக்கத்தில் இருக்க, உங்கள் பிள்ளை மட்டும் எங்கோ துழாவிக்கொண்டிருப்பதை இது தவிர்க்கும்.

பள்ளிக் கடிதத்தில் 'கோடை வாசிப்பு' என்று இருக்கும். நமக்கேது கோடை? வெயிலும் மழையும் பன்னிரண்டு மாதமும் மாறி மாறி வருகிற ஊர் இது. ஜூன் கடைசியில் மூடி ஆகஸ்டில் திறக்கும் அனைத்துலகப் பள்ளிகளின் வழக்கம் அது. அமெரிக்கப் பாடத்திட்டத்தில் 6 முதல் 8-ஆம் வகுப்பு வரை, அதாவது 11 வயது முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளில் ஆங்கிலத்தில் முன்னே நிற்பவர்களுக்கு ஒன்றிரண்டு நாவல், கூடவே குறிப்பேடு, பள்ளி திறந்ததும் ஒரு கட்டுரை என்று கொடுத்தனுப்புவார்கள். நீண்ட விடுமுறையில் கற்றது கரைந்துவிடும் என்ற கவலைதான் இதற்குக் காரணம். ஹாரிஸ் கூப்பரும் அவருடன் சேர்ந்த ஆய்வாளர்களும் 1996-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அமெரிக்கப் பிள்ளைகளுக்குச் சராசரியாக ஏறக்குறைய ஒரு மாதப் படிப்பு கைநழுவுவதாகக் கண்டார்கள். அரசாங்கப் பள்ளியில் படிவம் 1, 2 படித்துக்கொண்டு, ஆண்டிறுதி விடுமுறையில் ஆங்கிலத்தை ஒரு படி ஏற்ற நினைக்கும் பிள்ளைகளுக்கும் கீழே சொல்வதெல்லாம் பொருந்தும்.

பட்டியலில் ஒரு புத்தகம் பள்ளி விதித்ததாகவும் இன்னொன்று பிள்ளை விருப்பமாகவும் இருப்பதுண்டு. அந்த 'விருப்பம்' பெற்றோர் கைக்குப் போய்விடும். "மகன் கெட்டிக்காரன், பெரிய புத்தகமா கொடுங்க டீச்சர்" என்பார்கள். சிலர் புத்தகம் எவ்வளவு கடினம் என்று காட்டும் லெக்சைல் எண்ணைத் தேடி, கூடுதலாக இருப்பதை எடுப்பார்கள். அந்த எண் எப்படி வருகிறது என்று தெரிந்தால் இவ்வளவு நம்பமாட்டார்கள். வாக்கியம் எவ்வளவு நீளம், சொற்கள் எவ்வளவு புழக்கத்தில் இருப்பவை என்பதைக் கணினி எண்ணிப் போடும் கணக்கு அது. பொருளின் ஆழம், கதைக்குள் இருக்கும் வலி, எந்த வயதுக்கு ஏற்றது என்பதெல்லாம் அதில் வராது. ஜான் ஸ்டைன்பெக் 1939-இல் எழுதிய 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' நாவலுக்கு லெக்சைல் 680. அமெரிக்காவில் மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகள் படிக்கும் அளவு. பஞ்சத்தில் நிலமிழந்து ஊர்விட்டு ஊர் போகும் குடும்பத்தின் கதையை ஒன்பது வயதுப் பிள்ளையிடம் யாராவது கொடுப்பார்களா? எண் சிறியது என்பதால் புத்தகம் எளிது என்றாகாது, எண் பெரியது என்பதால் பிள்ளை உயர்ந்துவிடுவதும் இல்லை.

எண்ணைவிட நல்ல சோதனை கைவசமே இருக்கிறது. ஹூ, நேஷன் என்ற இரு ஆய்வாளர்கள் 2000-இல் காட்டியது இது: துணையில்லாமல் ஒரு கதையைப் புரிந்து படிக்க, அதிலுள்ள சொற்களில் 98 விழுக்காடு முன்பே தெரிந்திருக்க வேண்டும். ஐம்பது சொல்லுக்கு ஒன்று தெரியாமல் இருக்கலாம். ஒரு பக்கத்தில் 250 சொல் என்று வைத்தால், தெரியாதவை ஐந்து. புத்தகத்தின் நடுவிலிருந்து ஒரு பக்கத்தைப் படிக்கவிட்டு, தெரியாத சொல்லுக்கு ஒரு விரலை மடக்கச் சொல்லுங்கள். கை நிறைந்தபின்னும் மடக்க வேண்டியிருந்தால், விருப்பப் புத்தகம் என்றால் வேறொன்றை எடுங்கள். பள்ளி விதித்தது என்றால் மெதுவாகப் போக நாள் ஒதுக்குங்கள்.

விரல் மடங்கும் ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதியைப் புரட்டுவது அடுத்த சறுக்கல். இது நாங்கள் படித்த காலத்துப் பழக்கம். வரிக்கு மேல் வரி தமிழில் பொருள் எழுதி வைத்தோம், கதையைக் கோட்டை விட்டோம். ஓட்டத்தில் ஊகித்துக்கொண்டு போகட்டும். ஒரே சொல் மூன்று முறை வந்து வழிமறித்தால் அப்போது பார்க்கலாம்.

எப்போது தொடங்குவது என்பதில் இரண்டு வகைப் பிள்ளைகளைப் பார்க்கிறேன். ஒரு வகை பள்ளி திறப்பதற்கு முந்தின சனி, ஞாயிறு. அவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. இன்னொரு வகை, முதல் வாரத்திலேயே முடித்துவிட்டுப் புத்தகத்தை அலமாரியில் ஏற்றும் சமர்த்துகள். பெற்றோருக்கு நிம்மதி, ஆனால் ஆகஸ்டில் கட்டுரை எழுத உட்காரும்போது கதாபாத்திரத்தின் பெயர்கூட வராது. திரும்பப் பார்க்காத பாடம் முதல் சில நாளிலேயே பெரும்பகுதி மறந்துபோகும் என்று எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் தன்னையே சோதித்து 1885-இல் எழுதியது இன்றும் நிற்கிறது. விருப்பப் புத்தகத்தை முதலில் படிக்கட்டும். விதித்த நாவலை வாரத்துக்கு நான்கு அத்தியாயம் என்று பிரித்து, பள்ளி திறக்க ஒரு வாரம் இருக்கும்போது முடிகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். இடையில் ஆடிப்பூரம் வரும், யாராவது கல்யாணம் என்று ஈப்போவுக்கோ கிள்ளானுக்கோ போக வேண்டிவரும். அதற்கு ஒரு வாரத்தைக் காலியாக விடுங்கள்.

வண்ணப் பேனாவால் கோடு போடுவதைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. பக்கம் முழுக்க மஞ்சளாக இருந்தால் எதுவுமே குறிக்கப்படவில்லை என்றுதான் பொருள். கோடு போட்ட இடத்தில் ஏன் போட்டோம் என்று ஓரத்தில் நாலு சொல் எழுதவேண்டும். நூலகப் புத்தகம் என்றால் ஒட்டுத்தாள்.

குறிப்பேட்டுக்கு வருகிறேன். நம் பிள்ளைகள் மதிப்பெண்ணை அதிகம் இழப்பது இங்கேதான். பக்கத்தை நடுவில் கோடிட்டு, இடப்பக்கம் நாவலிலிருந்து ஒரு வரி, வலப்பக்கம் அந்த வரியைப் பற்றிப் பிள்ளையின் எண்ணம். கேட்க எளிது. ஆனால் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்துவிட்டு வரும் பிள்ளைக்குக் கதை என்றால் கடைசியில் 'படிப்பினை' எழுத வேண்டும். பள்ளி வாசிப்புத் திட்டமான நிலாமின் பதிவேட்டிலும் தலைப்பு, எழுத்தாளர், பக்க எண்ணிக்கை, சுருக்கம் என்று நிரப்பித்தான் கை பழகியிருக்கிறது. அந்தப் பழக்கத்தை நான் குறைசொல்லமாட்டேன். அதுதான் பல பிள்ளைகளை முதன்முதலாகப் புத்தகம் எடுக்க வைத்தது. ஆனால் இங்கே அது இடறுகிறது.

ஓர் எடுத்துக்காட்டு. கதையில் ஒரு பையன் செத்துப்போன தாத்தாவின் கைக்கடிகாரத்தை ஒளித்து வைக்கிறான், வீட்டில் எல்லோரும் தேடும்போது அவனும் கூடச் சேர்ந்து தேடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். வலப்பக்கம் பெரும்பாலான பிள்ளைகள் எழுதுவது: 'பையன் கடிகாரத்தை ஒளித்துவிட்டான். பொய் சொல்வது தவறு என்று இதிலிருந்து தெரிகிறது.' முதல் வாக்கியம் இடப்பக்கம் இருப்பதன் மறுபதிப்பு, இரண்டாவது கதையைப் படிக்காமலே எழுதக்கூடியது. அதே இடத்தில் இன்னொரு பிள்ளை எழுதலாம்: 'எல்லோரும் பார்த்துவிட்ட மேசை டிராயரையே அவன் இரண்டு முறை திறந்து பார்க்கிறான். கண்டுபிடிக்காமல் இருப்பதற்காகத் தேடுகிறான். தாத்தாவைத் தவிர வேறு யாருக்கும் அதைக் கொடுக்க அவனுக்கு மனமில்லையோ?' இதில் படிப்பினை எதுவும் இல்லை. ஆனால் பிள்ளை அந்த வரியை உற்றுப் பார்த்திருக்கிறது, ஒரு சந்தேகத்தோடு நிற்கிறது. ஆசிரியருக்கு வேண்டியது அதுதான். 'எனக்குப் புரியவில்லை' என்று எழுதினால் மதிப்பெண் போகும் என்று நம் பிள்ளைகள் பயப்படுகிறார்கள். எங்கே, ஏன் புரியவில்லை என்று சேர்த்து எழுதினால் போகாது.

குறிப்புகள் எந்தப் பக்கங்களிலிருந்து வந்தவை என்றும் ஒரு பார்வை பாருங்கள். பன்னிரண்டில் பத்து முதல் முப்பது பக்கத்திலிருந்தே வந்திருந்தால், மீதிப் புத்தகம் என்ன ஆயிற்று என்று ஆசிரியருக்குத் தெரிந்துவிடும்.

படம் பார்ப்பது, இணையத்தில் சுருக்கம் எடுப்பது, சாட்ஜிபிடியிடம் குறிப்பேட்டை எழுதி வாங்குவது எல்லாம் ஒரே கூடை. படத்தில் முடிவையே மாற்றியிருப்பார்கள். சாட்ஜிபிடி சில சமயம் நாவலில் இல்லாத வரியை மேற்கோள்குறி போட்டுத் தரும். பள்ளி திறந்த முதல் வாரத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வகுப்பிலேயே எழுதச் சொன்னால் வண்டவாளம் தண்டவாளத்தில் ஏறிவிடும். படம் பார்க்கக் கூடாது என்று நான் சொல்வதில்லை. முழு நாவலையும் படித்தபின் பார்த்துவிட்டு, என்ன மாற்றியிருக்கிறார்கள் என்று சண்டை பிடிக்கட்டும். அது நல்ல பயிற்சி.

என்னைக் கேட்டால், இவை எல்லாவற்றையும்விட மோசமான தவறு பெற்றோர் ஒதுங்கிக்கொள்வது. "எங்களுக்கு அவ்வளவு இங்கிலீஷ் வராது டீச்சர், நீங்களே பாத்துக்குங்க" என்பார்கள். பிள்ளை அறையில் தனியாகப் படித்து, தனியாக எழுதி, யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் நாவல் முடிந்துபோகும். வாயில் வராத கருத்து பேனாவிலும் வராது. படித்ததைத் தமிழில் சொன்னால் ஆங்கிலம் கெட்டுவிடும் என்று ஒரு பயம் வேறு. ஆங்கிலத்தில் படித்ததைப் புத்தகத்தைப் பார்க்காமல் தமிழில் சொல்ல வேண்டுமானால், சொற்களை ஒப்பிக்க வழியில்லை. பொருள் தலைக்குள் இருந்தால்தான் முடியும். கேட்பவருக்கு ஆங்கிலம் தெரியாமல் இருப்பது இன்னும் வசதி. பிள்ளை மழுப்ப முடியாது. கேட்கவேண்டிய கேள்விகளும் பெரிய கேள்விகள் இல்லை. இன்னைக்கு என்ன ஆச்சு? அவன் ஏன் அப்படிச் செஞ்சான்? உனக்கு எப்படித் தெரியும், எந்த இடத்தில் அப்படிப் போட்டிருக்கு? இந்தக் கடைசிக் கேள்வியைத்தான் ஆசிரியர்கள் 'ஆதாரம் காட்டு' என்று கட்டுரைக்குக் கட்டுரை சிவப்பு மையில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

96 பக்கக்காரிக்கு முழு நாவலும் கிடைத்தபோது ஜூலை பாதி தாண்டிவிட்டது. அவள் வீட்டில் பாட்டி இருக்கிறார், தமிழ் மட்டும்தான். இராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அன்றைய அத்தியாயத்தைப் பாட்டிக்குச் சொல்லவேண்டும் என்று ஏற்பாடு செய்தோம். முதல் மூன்று நாள் இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டு ஓடினாள். நான்காம் நாள் பாட்டி விடவில்லை. "இவ்வளவு நடக்குது, அந்தப் பையனோட அம்மா ஒரு வார்த்தை பேசலையே? அவ வீட்டுலதானே இருக்கா?"

பிள்ளையிடம் பதில் இல்லை. என்னிடம் வந்து கேட்டாள். எனக்கும் நினைவில்லை, நீயே பார் என்றேன். முதல் அத்தியாயத்திலிருந்து திரும்பத் தேடினாள். சுருக்கப் பதிப்பில் அந்த அம்மா அறவே இல்லை. முழு நாவலில் மூன்றே இடத்தில் வாய் திறக்கிறாள். மூன்றையும் அத்தியாய எண்ணோடு குறிப்பேட்டின் இடப்பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள். அதில் இரண்டு, சாப்பிட்டாயா என்ற கேள்வி.