பனியன் கம்பெனியில் பரேட்டோ படம்: எந்தக் குறையை முதலில் பிடிப்பது?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் செக்கிங் பிரிவில் ரிஜெக்‌ஷனைக் குறைக்க நாங்கள் கையாண்ட முறை இது. குறைகளை வகைவாரியாக எண்ணி, பெரியதிலிருந்து சிறியதாகப் பட்டைகளாக அடுக்கி, கூடிவரும் சதவீதத்தை ஒரு கோடாகக் காட்டுவதுதான் பரேட்டோ படம். ஒரு நோட்டும் கம்ப்யூட்டரில் ஒரு ஷீட்டும் போதும்.

செல்வம் ஒரு சிலரிடமே குவிந்திருப்பதைக் கணக்கிட்டுக் காட்டியவர் இத்தாலியப் பொருளாதார அறிஞர் வில்ஃபிரெடோ பரேட்டோ. தரக் குறைகளும் அப்படித்தான், சில வகைகளிலேயே குவிகின்றன என்று சொல்லி அவர் பெயரை இந்தக் கருத்துக்குச் சூட்டியவர் தர மேலாண்மை நிபுணர் ஜோசப் ஜூரான். "அதெல்லாம் வெளிநாட்டுக்காரனுக்குத்தான் சரிப்படும்" என்பவர்களுக்கு ஒரு தகவல்: சென்னை பாடியில் இயங்கிய சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998-லேயே, தரத்துக்காக ஜப்பான் வழங்கும் டெமிங் பரிசை வாங்கிவிட்டது.

படி 1: குறைக்குப் பெயர் வையுங்கள்

எங்கள் வேலை முட்டி நின்றது இந்த இடத்தில்தான். ஒரு மேஜையில் அக்கா "ஓட்டை" என்று எழுதுவார். அடுத்த மேஜையில் "ஊசி ஓட்டை", அதற்கடுத்ததில் "துணி டேமேஜ்". மூன்றையும் ஒன்றாகக் கூட்டினால் கணக்கே பாழ். ஊசி அறுத்த ஓட்டை தையலை ஒட்டியே சிறுசிறு புள்ளியாக வரும். தையலை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்தால்தான் பல ஓட்டைகள் கண்ணில் படும். நிட்டிங்கில், அதாவது துணி பின்னும்போதே, விழுந்த ஓட்டை துணியில் எங்கு வேண்டுமானாலும் இருக்கும். முன்னதற்குத் தையல் லைனில் பதில் தேட வேண்டும், பின்னதற்குத் துணி வந்த இடத்தில்.

எனவே ஒவ்வொரு குறைக்கும் ஒரு நிஜ பீஸை வெட்டி அட்டையில் ஒட்டி, பெயரெழுதி, மேஜைக்கு நேர் மேலே மாட்டுங்கள். "மற்றவை" என்ற கட்டம் பெருத்துக்கொண்டே போனால் பெயர் வைத்தது போதவில்லை என்று அர்த்தம்.

படி 2: ஒரு வாரம் கோடு போடுங்கள்

ஒவ்வொரு குறை கண்ணில் படும்போதும் அதன் பெயருக்கு நேராக ஒரு கோடு. இதற்குத் தாளும் பேனாவும்தான் என் கட்சி. கையில் பீஸ் இருக்கும்போது மொபைல் ஆப்பைத் தொட யாருக்கும் நேரமில்லை. தேதி, லைன் நம்பர், ஸ்டைல் நம்பர், மொத்தம் பார்த்த பீஸ் நான்கும் தாளின் தலையில் கட்டாயம் இருக்கட்டும்.

படி 3: படம்

உதாரணத்துக்கு மொத்தம் 240 குறைகள்: ஸ்கிப் ஸ்டிச் (இடையில் தையல் விட்டுப்போவது) 96, ஆயில் கறை 60, ஊசி ஓட்டை 36, அளவு மாறியது 24, லேபிள் 12, மற்றவை 12. பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கிச் சதவீதத்தைக் கூட்டிக்கொண்டே வந்தால் 40, 65, 80, 90, 95, 100. முதல் மூன்றிலேயே 80 வந்துவிட்டது. எக்ஸெல் 2016 முதல் பரேட்டோ படம் உள்ளேயே இருக்கிறது. அடுக்கும் வேலையையும் அதுவே பார்த்துக்கொள்ளும். லிப்ரே ஆபீஸில் நீங்களே அடுக்கி, பட்டையும் கோடும் சேர்ந்த படத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

படி 4: ரூபாயில் இன்னொரு படம்

இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஸ்கிப் ஸ்டிச்சைப் பிரித்துத் தைத்துவிடலாம். ஆயில் கறை, கறை நீக்கும் ஸ்ப்ரே கன்னில் போய்விடும். பின்னல் துணியில் நூல் அறுந்தால் கண்ணி அவிழ்ந்து ஓட்டை பெரிதாகும், பீஸ் போனது போனதுதான். திருத்த 3 ரூபாய், வீணான பீஸுக்கு 120 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 96 ஸ்கிப் ஸ்டிச்சுக்கு 288 ரூபாய், 36 ஊசி ஓட்டைக்கு 4,320. மூன்றாவது இடத்தில் இருந்தது முதலிடத்துக்கு வந்துவிடுகிறது.

படி 5: ஏன், ஏன் என்று கேளுங்கள்

டொயோட்டாவில் தைச்சி ஓனோ வலியுறுத்திய ஐந்து "ஏன்" முறை இது. ஊசி ஓட்டை ஏன்? ஊசி நூலை விலக்காமல் அறுக்கிறது. ஏன்? நுனி சேதமாகியிருக்கிறது. ஏன் மாற்றவில்லை? கேட்டால் புது ஊசி கிடைப்பதில்லை. ஏன்? உடைந்த துண்டுகளை ஒப்படைத்தால்தான் புது ஊசி என்பது விதி. சேதமான ஊசி உடையவில்லையே! டைலரைத் திட்டிப் பயனில்லை, விதியில் ஒரு வரி சேர்க்க வேண்டும். பின்னல் துணிக்கு உருண்டை முனை ஊசிதான் போட்டிருக்கிறதா என்பதையும் அப்போதே பாருங்கள்.

பின்சேர்க்கை: "மாற்றம் செய்த பிறகும் எண்ணிக்கை கூடியிருக்கிறதே" என்று இதைப் படித்த இருவர் எழுதியிருந்தார்கள். அந்த வாரம் உற்பத்தியும் கூடியிருந்ததா என்று பாருங்கள். 4,000 பீஸில் 240 குறை என்றால் நூற்றுக்கு 6. 6,000 பீஸில் 270 என்றால் நூற்றுக்கு 4.5. இரண்டு வாரங்களை ஒப்பிடும்போது நூறு பீஸுக்கு எத்தனை குறை என்ற கணக்கையே எடுங்கள்.