மாற்றுத்திறனாளியின் வீட்டுக்குச் செல்லும் சமூகப் பணியாளருக்கு: கொழும்பில் பணியாற்றும் முறை

கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ், மட்டக்குளி, வெள்ளவத்தை போன்ற பகுதிகளில் புதிதாகப் பணி தொடங்கும் சமூகப் பணியாளர், ஒரு மாற்றுத்திறனாளியின் வீட்டுக்கு முதன்முறை செல்லும்போது விண்ணப்பப் படிவத்தைப் பைக்குள்ளேயே வைத்திருப்பது நல்லது. படிவத்தைக் கண்டவுடன் குடும்பத்தினர் குறைபாட்டை மட்டுமே விவரிக்கத் தொடங்கிவிடுவர். அலுவலகங்களில் அதையே மீண்டும் மீண்டும் சொல்லிப் பழகியவர்கள் அவர்கள். அன்று அறியவேண்டியது, அந்த மனிதரின் ஒரு நாள் எவ்வாறு கழிகிறது என்பதே: காலையில் அவரை யார் எழுப்புகிறார், கழிப்பறைக்கு எப்படிச் செல்கிறார், கடைசியாக எப்போது, எதற்காக வெளியே போனார் என்பவற்றைக் கேட்டறிய வேண்டும்.

இக்கேள்விகளை அவரிடமே கேட்க வேண்டும். பெரும்பாலும் தாயார் முந்திக்கொண்டு பதில் சொல்வார். அதைத் தடுக்காமல் கேட்டுவிட்டு, மீண்டும் அவரை நோக்கி, ‘நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?’ என்று கேட்டுக் காத்திருங்கள். முப்பது வயதானவரைக் குழந்தையைப் போல் ஒருமையில் விளித்தல் ஆகாது. பேச்சுத் தெளிவில்லாதவர் கண்ணசைவாலோ கையசைவாலோ ‘ஆம்’, ‘இல்லை’ என்று எவ்வாறு காட்டுகிறார் என்பதை முதலில் அறிந்துகொண்டால், பதில் சொல்ல அவருக்கு வழி கிடைக்கும். செவிப்புலனற்றவருடன் அந்தரங்க விடயங்களைப் பேசும்போது வீட்டுப் பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக்காமல் சைகைமொழி தெரிந்த ஒருவரை அழைத்துச் செல்ல வேண்டும். ஒவ்வொருவருடனும் சிறிது நேரமாவது தனியாகப் பேசுவது இன்றியமையாதது; வீட்டுக்குள் நடக்கும் துன்புறுத்தல், அதற்குக் காரணமானவர் அருகில் இருக்கும்போது ஒருநாளும் வெளிவராது.

ஆவணங்களைத் திரட்டும் வேலை கொழும்பில் தனிக் கவனம் வேண்டுவது. மாநகரம் கொழும்பு, திம்பிரிகஸ்யாய என இரண்டு பிரதேச செயலகப் பிரிவுகளுக்குள் அடங்குகிறது. கொட்டாஞ்சேனையும் மட்டக்குளியும் முன்னதிலும், வெள்ளவத்தை பின்னதிலும் உள்ளன. உதவிகளுக்கான வழி பெரும்பாலும் கிராம உத்தியோகத்தரிடமிருந்து தொடங்கி, பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தர் ஊடாகச் செல்கிறது. மலையகத்திலிருந்தோ வடக்கிலிருந்தோ வந்து வாடகை வீட்டிலும், ‘தோட்டம்’ எனப்படும் நெருக்கமான நகரக் குடியிருப்புகளிலும் வாழும் பலருடைய வாக்காளர் பதிவு இன்னும் சொந்த ஊரிலேயே இருப்பதால், வதிவிடத்தை உறுதிப்படுத்துவதிலேயே விண்ணப்பம் தடைப்படுவதுண்டு. ஆகவே பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, வதிவிடச் சான்று, வைத்திய அறிக்கை ஆகியவற்றில் எது இல்லை என்பதை முதல் வாரத்திலேயே கண்டறிந்து, இல்லாததைப் பெறும் வேலையை முதலில் தொடங்குங்கள். பிறப்பே பதியப்படாதிருந்தால் காலங்கடந்த பதிவுக்கு விண்ணப்பிக்கலாம்.

தமிழ் இந்நாட்டின் அரசகரும மொழிகளில் ஒன்று; அலுவலகத்துக்குத் தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் குடும்பத்துக்கு உரிமை உண்டு. ஆயினும் சிங்களப் படிவமும் ஆங்கில வைத்திய அறிக்கையும் கையில் வந்து சேர்வது வழக்கமாகவே இருக்கிறது. வாசிக்க முடியாத எந்தத் தாளிலும் அவர்கள் கையொப்பமிடும்படி செய்யாதீர்கள். ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லி, விளங்கியதை அவர்களைக் கொண்டே திரும்பச் சொல்ல வைக்க வேண்டும்.

சக்கர நாற்காலிக்குப் பரிந்துரைக்கும் முன் அளவுநாடாவுடன் செல்லுங்கள். தோட்டத்து ஒழுங்கையின் அகலம், வீட்டு வாசல், கழிப்பறைக் கதவு, அமர்பவரின் இடுப்பளவு ஆகியவை குறிக்கப்படாமல் வந்த நாற்காலி மூலையில் துணி போடும் இடமாகிவிடுவதைக் காண்பது வேதனை தருகிறது. மாடிக்குடியிருப்பில் மின்தூக்கி அடிக்கடி பழுதாகுமெனில், தரைத்தளத்தில் வீடு கோரும் கடிதத்தை வைத்திய அறிக்கையுடன் சேர்த்து அனுப்ப வேண்டும். காலை இழந்தவர்களுக்குச் செயற்கைக் கால் செய்து கொடுக்கும் பணியில், 1831 இல் தொடங்கப்பட்ட கொழும்பு ஃபிரெண்ட்-இன்-நீட் சங்கம் நீண்டகாலமாக ஈடுபட்டுவருகிறது.

பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்க மறுத்தால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் யார், எந்தத் திகதியில், என்ன சொன்னார் என்பதை அன்றே குறித்துக்கொள்ளுங்கள். 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், இயலாமையைக் காரணம் காட்டி வேலைவாய்ப்பிலோ கல்வி நிறுவன அனுமதியிலோ பாகுபாடு காட்டுவதைத் தடைசெய்கிறது. அரச பாடசாலையெனில் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிடலாம். அடிப்படை உரிமை மனுவை உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டியிருப்பதால், பேச்சுவார்த்தையிலேயே நாட்களைக் கழித்துவிடாமல் உடனே சட்ட உதவியை நாட வேண்டும்.

குடும்பத்தின் சுமை அநேகமாக ஒரு பெண்ணின் மேல் விழுகிறது. வளர்ந்த மகனைத் தூக்கித் தூக்கி முதுகு நோகும் தாயிடம், ‘உங்களுக்கு எப்படி இருக்கிறது, அம்மா?’ என்று கேட்டுவிட்டு, தூக்கும் முறையை இயன்முறைச் சிகிச்சையாளரை (பிசியோதெரபிஸ்ட்) கொண்டு கற்றுக்கொடுங்கள். பிள்ளையின் நிலைக்கு அவரே காரணம் என்று உறவினர் பழிக்கும் வீடுகளில், வைத்தியர் சொன்ன காரணத்தை மாமியாரும் கணவரும் இருக்கும்போதே விளக்குவது பெரிய ஆறுதலாகும். கொச்சிக்கடை அந்தோனியாருக்கோ முகத்துவாரத்துக் காளியம்மனுக்கோ வைத்த நேர்த்தியைக் குறைத்துப் பேச வேண்டியதில்லை. கிளினிக் நாள் தவறாதிருந்தால் போதும்.

பெற்றோருக்குப் பின் என்ன என்ற கேள்வியை அவர்கள் திடமாயிருக்கும் காலத்திலேயே, மாற்றுத்திறனாளியையும் உடன் இருத்திப் பேசுங்கள். யாருடன், எங்கே வாழ விரும்புகிறார் என்று அவரிடம் கேட்டு, அவர் பெயரிலேயே வங்கிக் கணக்கைத் திறக்கச் செய்து, கிளினிக் புத்தகமும் மூல ஆவணங்களும் யாரிடம் இருக்கும் என்பதை எழுதி, அதன் பிரதியை அவரிடமும் சகோதரர் ஒருவரிடமும் கொடுத்துவையுங்கள்.