மீன் தொட்டியில் ஏடு கட்டுகிறதா? சத்தமில்லாமல் போக்க ஒரு வழி

தண்ணீரின் மேல் படலம் கட்டுகிறது என்று யாரிடம் சொன்னாலும், "ஏர் பம்ப் போடுங்க, சரியாயிடும்" என்பார்கள். சரியாகத்தான் ஆகும், நம் தூக்கம்தான் போய்விடும். என் தொட்டி கட்டிலிலிருந்து கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஏடும் இருக்கக் கூடாது, ராத்திரி சத்தமும் கேட்கக் கூடாது என்று இரண்டு மாதம் மல்லுக்கட்டிக் கண்டுபிடித்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஃபில்டர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நன்னீர்த் தொட்டிக்கான குறிப்பு இது. தொட்டி அமைப்பது, தண்ணீர் மாற்றுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் ஒரு எச்சரிக்கை. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தால், சத்தத்தைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம். ஏர் பம்ப்பைப் போட்டு, கொஞ்சம் தண்ணீரையும் மாற்றிவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

படி 1: குச்சியால் கீறிப் பாருங்கள்

தீனியிலும் அழுகும் இலையிலும் மீன் கழிவிலும் இருந்து வரும் கொழுப்பும் புரதமும் மேலே மிதந்து சேர்கின்றன. அதில் பாக்டீரியா குடியேறுகிறது. மேல்பரப்பு அசையாமல் கிடந்தால் இரண்டே நாளில் ஏடு கட்டிவிடும். காற்றும் தண்ணீரும் உரசும் இடத்தை அது மூடிவிடுவதால், ஆக்ஸிஜன் உள்ளே போவது குறைகிறது.

சுத்தமான குச்சியால் படலத்தை லேசாகக் கீறுங்கள். கண்ணாடிச் சில்லு மாதிரி உடைந்து, உடைந்த ஓரம் அப்படியே நின்றால் பாக்டீரியா படலம். வானவில் நிறத்தில் சுழன்று உடனே ஒட்டிக்கொண்டால் எண்ணெய். கையில் க்ரீம் தடவிக்கொண்டு தொட்டிக்குள் கை விட்டீர்களா, தீனியில் எண்ணெய் அதிகமா என்று பாருங்கள். வெள்ளையாகப் பொடி தூவியது போல் இருந்தால், தண்ணீர் கடினமாக இருந்து சுண்ணாம்பு படிகிறது என்று அர்த்தமாக இருக்கலாம். மூன்றுக்கும் மருந்து ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் எண்ணெயை அது வரும் இடத்திலேயே நிறுத்தாவிட்டால், கீழே சொல்லப்போவது எதுவும் உதவாது.

படி 2: இன்றைய ஏட்டை எடுத்துவிடுங்கள்

ஃபில்டரை நிறுத்தி ஐந்து நிமிடம் விடுங்கள். படலம் பரவி நிற்கும். வாசனையோ அச்சடித்த பூவோ இல்லாத வெள்ளை டிஷ்யூவை, தடிமனாகப் பார்த்து எடுங்கள். முகம் துடைக்கும் மெல்லிய டிஷ்யூ வேண்டாம், நனைந்ததும் நாராகப் பிய்ந்து ஃபில்டருக்குள் போய்விடும். தண்ணீர் மேல் தட்டையாக விரித்து, இரண்டு எண்ணும் நேரம் விட்டு, இரண்டு மூலைகளைப் பிடித்து மெதுவாகத் தூக்குங்கள். நான்கைந்து தாளில் பரப்பு கண்ணாடி மாதிரி ஆகிவிடும்.

எனக்குப் பிடித்தது கிண்ணம்தான். கிண்ணத்தை நேராகப் பிடித்து, விளிம்பு தண்ணீருக்கு மயிரிழை கீழே போகும்வரை அழுத்தினால், மேல்பரப்பு தானாகவே வழிந்து உள்ளே விழும். தண்ணீர் மாற்றும் நாளில் எப்படியும் தண்ணீரை வெளியே எடுக்கத்தான் போகிறோம், அதை மேலிருந்தே எடுத்துவிடலாமே. முடிந்ததும் ஃபில்டரை மறக்காமல் போடுங்கள். நான் ஒருமுறை மறந்து காலையில்தான் பார்த்தேன்.

இத்தோடு வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். நாளை மறுநாள் ஏடு திரும்பி வரும்.

படி 3: தண்ணீர் நெளியட்டும், விழ வேண்டாம்

தண்ணீர்ச் சத்தம் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி தண்ணீரின் சத்தமே அல்ல, அதற்குள் மாட்டிக்கொள்ளும் காற்றுக் குமிழி அதிர்கிற சத்தம். பெல்ஜியத்தில் பிறந்த வானியலாளர் மார்செல் மின்னார்ட் 1933இல் இதற்கு ஒரு கணக்கே கொடுத்தார். அதன்படி 2 மி.மீ. விட்டமுள்ள குமிழி சுமார் 3,300 ஹெர்ட்ஸில் ஒலிக்கும். நம் காது மிகக் கூர்மையாகக் கேட்கும் இடமும் அங்கேதான். ராத்திரி சின்னக் 'களக்' கூட எழுப்பிவிடுவது இதனால்தான்.

ஆக, மேல்பரப்பு அசைய வேண்டும், ஆனால் காற்றை விழுங்கக் கூடாது.

உள்ளே வைக்கும் ஃபில்டர் என்றால், தண்ணீரை வெளியே விடும் அதன் வாய் தண்ணீர் மட்டத்துக்கு 1 செ.மீ. கீழே இருக்கும்படி உயர்த்தி, சற்றே மேல்நோக்கிச் சாய்த்து வையுங்கள். அதில் காற்றை உறிஞ்சும் சின்ன ட்யூப் இருந்தால் அதைக் கழற்றிவிடுங்கள், அல்லது நுனியை அடைத்துவிடுங்கள். அந்த 'ஸ்ஸ்ஸ்' அங்கிருந்துதான் வருகிறது. ஸ்ப்ரே பார் (வரிசையாகத் துளை போட்ட குழாய்) என்றால் துளைகள் தண்ணீருக்குள்ளேயே இருந்து மேலே பார்க்கட்டும். விளிம்பில் தொங்கும் ஃபில்டர் என்றால், தண்ணீர் மட்டத்தை அதன் உதடு வரை ஏற்றுங்கள். தண்ணீர் அருவியாகக் கொட்டாமல் வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டும்.

சரியாக வைத்தோமா என்று பார்க்க, உலர்ந்த தீனியை விரலால் நுணுக்கி ஒரு சிட்டிகை தூவுங்கள். தூள் எதிர்க் கண்ணாடி வரை போய், ஓரமாகத் திரும்பி வர வேண்டும். ஏதாவது மூலையில் நின்று தேங்கினால் அங்கேதான் ஏடு கூடும். வாயை ஒரு நூல் அளவு திருப்பி மறுபடி பாருங்கள். மிதக்கும் செடி அடர்ந்து கிடந்தால் எப்படித் திருப்பினாலும் தேங்கும், கொஞ்சம் அள்ளிவிடுங்கள்.

படி 4: நான் சறுக்கிய இடம்

மூன்றாவது படியை முதல் நாளே கச்சிதமாகச் செய்துவிட்டேன். மயான அமைதி. நான்காம் நாள் ராத்திரி இரண்டு மணிக்கு 'களக்... களக்களக்'. மோட்டார் போய்விட்டது என்று நினைத்து, விடிந்ததும் பிரித்து, உள்ளே சுற்றும் இம்பெல்லரைக் கழுவி மாட்டினேன். தண்ணீரையும் நிரப்பி வைத்தேன். சத்தம் நின்றது. ஆகா, மோட்டார்தான் என்று முடிவுகட்டினேன். நான்கு நாள் கழித்து மறுபடி. மறுபடி பிரித்தேன். மூன்றாவது முறை பிரிக்க உட்கார்ந்தபோதுதான் கண்ணாடியில் பழைய தண்ணீர்க் கோடு கண்ணில் பட்டது. மட்டம் 1 செ.மீ.க்கு மேல் இறங்கியிருந்தது!

மோட்டாரில் ஒரு குறையும் இல்லை. தண்ணீர் ஆவியாகி, ஃபில்டர் வாய் வெளியே எட்டிப் பார்த்துக் காற்றை அடித்துக்கொண்டிருந்தது. நான் கழுவியதால் சத்தம் நிற்கவில்லை, கூடவே தண்ணீர் ஊற்றியதால் நின்றது.

என் தொட்டி 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம். 1 செ.மீ. இறங்கினால் 1.8 லிட்டர் போய்விட்டது என்று கணக்கு. இதை இப்படிச் சமாளிக்கலாம்:

தொட்டியின் பக்கவாட்டில் வெளிப்புறமாக இரண்டு டேப் துண்டு ஒட்டுங்கள். மேலே ஒன்று, நிரப்பும் அளவு. அதற்கு ஒன்றரை செ.மீ. கீழே இன்னொன்று. தண்ணீரைக் கீழ்க்கோட்டுக்கு இறக்கி வைத்துக்கொண்டு, அந்த மட்டத்தில் ஃபில்டர் வாயைச் சரிசெய்யுங்கள். நான் செய்த தப்பு, நிரம்பிய தொட்டியில் சரிசெய்ததுதான். பிறகு மேல்கோடு வரை நிரப்பி, தூள் சோதனையை மறுபடி செய்யுங்கள். அப்போதும் பரப்பு நெளிந்தால் முடிந்தது. நெளியவில்லை என்றால் கோடுகளுக்கு நடுவே இடைவெளியைக் குறைத்து, அடிக்கடி நிரப்புங்கள். விளிம்பில் தொங்கும் ஃபில்டருக்கு இந்த இடைவெளி இன்னும் குறைவாகத்தான் கிடைக்கும்.

நிரப்பும் தண்ணீரில் குளோரின் இருக்கக் கூடாது. நிரப்புவதும் தண்ணீர் மாற்றுவதும் ஒன்றல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்புகள் தொட்டியிலேயே தங்கி ஏறிக்கொண்டே போகும். தண்ணீரைக் கீழ்க்கோட்டுக்குக் கீழே இறக்கும்போது ஹீட்டரின் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

இவ்வளவுக்கும் மசியாவிட்டால்

மேல்பரப்பை உறிஞ்சும் ஸ்கிம்மர் என்று தனியாக ஒரு கருவி உண்டு. வேலை பிரமாதமாகச் செய்யும். படுக்கையறைக்கு நான் சொல்ல மாட்டேன். மட்டம் கொஞ்சம் தப்பினாலும் காற்றை உறிஞ்சிக் கொப்பளிக்கும், குட்டி மீனும் இறாலும் உள்ளே போய் மாட்டும். வைத்தே ஆக வேண்டும் என்றால் டைமரில் போட்டு, பகலில் கால் மணி நேரம் மட்டும் ஓட விடுங்கள்.

செடிகளுக்குக் கார்பன் டை ஆக்ஸைடு கொடுப்பவர்கள் பரப்பை ரொம்பக் கலக்கினால் வாயு வெளியேறிவிடும். அவர்களுக்கும் டைமர்தான். வாயு நிற்கும் இரவு நேரத்தில் சின்னத் தண்ணீர்ப் பம்ப் ஒன்றைப் பரப்புக்கு அடியில் ஓடவிடலாம்.

ஏர் பம்ப்தான் கையில் இருக்கிறது என்றால், அதைத் தடித்த பஞ்சின் மேல் வையுங்கள், சுவரிலோ அலமாரியிலோ படவிடாதீர்கள். தண்ணீர் மட்டத்துக்குக் கீழே வைத்தால் ட்யூபில் தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் செக் வால்வு கட்டாயம். பஞ்சின் மேல் வைத்தாலே ரீங்காரம் பாதி குறையும். குமிழி வெடிக்கும் சத்தம் இருக்கத்தான் செய்யும்.

ஏட்டைத் தின்னும் என்று மோலி மீன் வாங்கச் சொல்வார்கள். மோலி மேலே கொறிப்பது உண்மைதான். அதற்கும் தீனி போட்டு, அதன் கழிவும் சேர்ந்து என்ன லாபம் என்று எனக்குப் புரியவில்லை. போடும் தீனியைக் குறைப்பது சுலபம். என் தொட்டியில் பாதியாகக் குறைத்த வாரத்தில்தான் ஏடு நிஜமாகவே மெலிந்தது.

பிற்சேர்க்கை

இதைப் படித்துவிட்டுச் செய்து பார்த்தவர்கள் சொன்னதில் மூன்றைச் சேர்க்கிறேன்.

ஒருவருக்கு எல்லாம் சரி, ஆனால் 'டக்... டக்' நிற்கவில்லை. மூடியின் அடியில் ஆவி குளிர்ந்து, துளியாகத் தண்ணீரில் விழுந்துகொண்டிருந்தது. மூடியின் ஒரு பக்கத்தைச் சற்றுத் தாழ்த்தி வைத்ததும் துளிகள் வழிந்து கண்ணாடியோடு இறங்கிவிட்டன. எனக்குத் தோன்றாத விஷயம், ஏனென்றால் என் தொட்டிக்கு மூடி கிடையாது.

ஃபைட்டர் மீன் வைத்திருப்பவர், மீன் ஓட்டத்தில் அடித்துச் செல்லப்படுகிறது என்றார். மீன் கட்டும் குமிழிக் கூடும் கலைந்துவிடுமாம். அவர்களுக்கு மூன்றாவது படி வேண்டாம். வாரம் இரண்டு முறை கிண்ணமோ டிஷ்யூவோ போதும். ஃபைட்டர் மேலே வந்து காற்றைக் குடிக்கும் மீன், பரப்பு தெளிவாக இருப்பது அதற்கு முக்கியம்.

இன்னொருவருக்கு ஒரு மாதம் நன்றாக இருந்து மறுபடி ஏடு. கோடு, வாய் எல்லாம் வைத்த இடத்திலேயே இருந்தன. ஃபில்டர் பஞ்சு அடைத்து ஓட்டம் செத்துப்போயிருந்தது. தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் பஞ்சைப் பிழிந்து மாட்டச் சொன்னேன், குழாய்த் தண்ணீரில் கழுவினால் நல்ல பாக்டீரியாவும் போய்விடும் என்பதால். அன்று சாயங்காலமே தூள் எதிர்க் கண்ணாடியைத் தொட்டுவிட்டதாம்.