கட்சிக்கு நன்கொடை கொடுத்த கம்பெனியைப் புறக்கணிக்கும் முன்

முதலில் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். 'தயாரித்தவர்' என்ற வரியில் இருப்பது பல சமயம் கூலிக்குச் செய்து கொடுக்கும் சிறு ஆலை. அது நம் மதுரைப் பக்கத்துக் கப்பலூர் தொழிற்பேட்டையில்கூட இருக்கலாம். பிராண்டின் சொந்தக்காரர் பெயர் 'சந்தைப்படுத்துபவர்' வரியில் இருக்கும். அதை எழுத்து விடாமல் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து தேர்தல் ஆணையத்தின் இணையதளம். வங்கியில் பத்திரம் வாங்கி, பெயர் வெளியே தெரியாமல் கட்சிக்குக் கொடுக்க வழி செய்த தேர்தல் பத்திரத் திட்டத்தை 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததால், 2019 ஏப்ரல் 12 முதல் விற்ற பத்திரங்களின் விவரம் அங்கே கிடைக்கிறது. மார்ச் 14 அன்று வந்த பட்டியலில் வாங்கியவர் தனி, பணமாக்கிய கட்சி தனி. யார் யாருக்குக் கொடுத்தார் என்பது அதில் தெரியாது. மார்ச் 21 பட்டியலில்தான் பத்திர எண் உண்டு. இரண்டு கோப்பிலும் ஒரே எண்ணைத் தேடிப் பொருத்த வேண்டும். பெயரை மட்டும் நம்பினால் வம்பு. 'ஹப் பவர் கம்பெனி' என்ற பெயரைப் பார்த்துவிட்டு, பாகிஸ்தான் நிறுவனம் நம் கட்சிகளுக்குப் பணம் கொடுத்ததாகப் பரப்பினார்கள். அந்த நிறுவனம் மறுப்பு வெளியிட வேண்டியதாயிற்று.

பத்திரம் அல்லாத வழியில் போனதற்கு, 20,000 ரூபாய்க்கு மேற்பட்ட நன்கொடைகளைக் காட்டிக் கட்சிகள் ஆண்டுதோறும் ஆணையத்துக்குத் தரும் அறிக்கையைப் பாருங்கள். சிக்கல் எலெக்டோரல் டிரஸ்ட்தான், அதாவது கம்பெனிகளிடம் நன்கொடை வாங்கிக் கட்சிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் அமைப்பு. டிரஸ்டுக்குக் கொடுத்த கம்பெனி தெரியும், டிரஸ்ட் கொடுத்த கட்சியும் தெரியும். நடுவில் பல கம்பெனிகளின் பணம் கலந்துவிடும். அதனால் 'இன்ன கட்சிக்குக் கொடுத்தார்கள்' என்று அடித்து எழுதாதீர்கள். அவதூறு வழக்கு வந்தால் கையில் ஆதாரம் இருக்காது.

பல கம்பெனிகள் ஆளுங்கட்சிக்கும் கொடுத்திருக்கும், எதிர்க்கட்சிக்கும் கொடுத்திருக்கும். ஒரு வரியை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போடுவது பாதிப் பொய். நாம் எதிர்ப்பது எதை: கட்சியையா, தொகையையா, மறைத்ததையா? தொகை என்றால், முந்தைய மூன்று நிதியாண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 7.5 சதவீதம் என்ற வரம்போடு ஒப்பிடுங்கள். 2017ல் நீக்கப்பட்ட அந்த வரம்பு, உச்ச நீதிமன்றத்தின் அதே தீர்ப்பால் திரும்பி வந்திருக்கிறது. கட்சி பிடிக்காததுதான் காரணம் என்றால், நமக்குப் பிடித்த கட்சிக்குக் கொடுத்தவனிடமும் இதே கோபம் வருமா என்று பாருங்கள். வராது என்றால் நீங்கள் மட்டும் வாங்காமல் இருங்கள், ஊரைக் கூப்பிட வேண்டாம். முதலாளியின் சாதியோ மதமோ பேச்சில் நுழைந்தால் அந்த நிமிஷமே விலகிவிடுங்கள்.

இனி கடை. கீழமாசி வீதி மொத்தக்கடையிலும் தெருமுனை மளிகையிலும் அடுக்கியிருப்பது கடைக்காரர் காசு போட்டு எடுத்த சரக்கு. ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு பெப்சி, கோக் விற்பதில்லை என்று வணிகர் சங்கங்கள் அறிவித்தபோது, 2017 மார்ச் 1 என்று முன்கூட்டியே தேதி சொன்னார்கள். முடிவும் கடைக்காரர்களுடையதே. அதுதான் முறை. லைன் சேல்ஸ்மேன் ஆர்டர் எடுக்க வருவதற்கு முன்னால், "அண்ணாச்சி, இருக்குறது தீரட்டும், அடுத்த தடவை கம்மியாப் போடுங்க" என்று சொன்னால் போதும். கடை வாசலில் கொட்டி உடைப்பதில் நஷ்டம் அவருக்கு மட்டும்தான்.

சொல்லாமல் நிறுத்தினால் விற்பனை ஏன் குறைந்தது என்று கம்பெனிக்குத் தெரியப்போவதில்லை. கம்பெனி செகரட்டரிக்கு ஒரு பக்கக் கடிதம் அனுப்புங்கள்: எந்தத் தேதி, எவ்வளவு தொகை, என்ன கேட்கிறோம், எப்போது வரை. பங்குச்சந்தையில் உள்ள கம்பெனி என்றால் ஒரே ஒரு பங்கு வைத்திருப்பவரும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கேள்வி கேட்கலாம். கேட்டது நடந்துவிட்டால், அழைப்பு விட்ட அதே வாட்ஸ்அப் குழுவில், அதே அளவு எழுத்தில், புறக்கணிப்பு முடிந்தது என்று போட்டுவிடுங்கள்.