உயரம் இறக்கிய பைக்கை மறுபடி உயர்த்தும்போது செய்யும் தவறுகள்

போன ஞாயிற்றுக்கிழமை காலை கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் ஒரு தம்பி தன் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் பைக்கைக் காட்டினான். செகண்ட் ஹேண்டில் வாங்கியது. முந்தைய ஓனர் தனக்குக் கால் எட்டவில்லை என்று வண்டியின் உயரத்தை இறக்கி வைத்திருந்தாராம். "நானே ஒரிஜினல் ஹைட்டுக்கு ஏத்திட்டேண்ணே" என்றான். ஹேண்டில்பாருக்குக் கீழே குனிந்து பார்த்தேன். மேல் கிளாம்புக்கு மேலே, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாய் இரண்டும் கட்டைவிரல் அளவுக்கு நீட்டிக்கொண்டிருந்தன. ஆறு வருடத்துக்கு முன் என் வண்டியும் இதே கோலத்தில்தான் நின்றது.

நட்டை இறுக்கு, வண்டியைச் சாயவிடாதே என்பதையெல்லாம் யாரும் சொல்லிவிடுவார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

பின்பக்கத்தை மட்டும் ஏற்றுவது

411 சிசி ஹிமாலயன் மாதிரி, பின்னால் ஒற்றை ஷாக்கை லிங்க் பட்டையோடு இணைத்த மோனோ ஷாக் வண்டிகளைப் பெரும்பாலும் இரண்டு இடத்தில் இறக்குவார்கள். பின்னால் அந்தப் பட்டையை மாற்றுவார்கள். முன்னால் கிளாம்பைத் தளர்த்தி, ஃபோர்க் குழாயை மேலே தள்ளி இறுக்கிவிடுவார்கள். பின்னால் மாட்டிய பட்டை பளபளவென்று வெளியே தெரியும். முன்னால் செய்தது, தேடுகிறவன் கண்ணுக்குத்தான் தெரியும். வாங்கியவன் பழைய பட்டையைத் தேடிப்பிடித்து மாட்டுவான், சீட்டு உயரும், வேலை முடிந்தது என்று நினைத்துக்கொள்வான். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கடலூரிலிருந்து புதுச்சேரி போகும் வழியில், ரெட்டிச்சாவடி தாண்டி 80-ஐத் தொட்டதும் ஹேண்டில் உதற ஆரம்பித்தது. கையை இறுக்கினால் இன்னும் மோசம். ஒரு கடையில் கோன் செட் (ஹேண்டில் திரும்பும் பேரிங்) போச்சு என்றார்கள், மாற்றினேன். அடுத்த கடையில் டயர் என்றார்கள், நன்றாக இருந்த முன் டயரையும் மாற்றினேன். அப்புறம் ஸ்போக் டைட், ரிம் கோட்டம். ஏழாயிரத்துக்கு மேல் போனது, உதறல் மட்டும் போகவில்லை. கடைசியில் முதலியார்பேட்டையில் ஒரு சின்னப் பட்டறையில் பெரியவர் ஒருவர், வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்காமல், ஃபோர்க் நுனியில் கட்டைவிரலை வைத்து, "இது என்ன தம்பி, கொம்பா?" என்றார். இன்று நினைத்தாலும் எரிச்சலாக இருக்கிறது. அத்தனை கடையிலும் அந்தக் கொம்பைத் தாண்டித்தான் ஸ்பேனர் போட்டிருக்கிறார்கள். தினமும் சாவி போடும் நானும் பார்க்கவில்லையே.

விஷயம் இதுதான். அந்த வண்டியில் இரண்டு சக்கர அச்சுக்கும் நடுவே 1465 மி.மீ. பின்பக்கம் மட்டும் 25 மி.மீ. உயர்ந்தால் மொத்த வண்டியும் கிட்டத்தட்ட 1 டிகிரி முன்னால் கவிழும். ஸ்டியரிங் அச்சை அப்படியே கீழே நீட்டினால் அது தரையைத் தொடும் இடத்துக்குக் கொஞ்சம் பின்னால்தான் முன்சக்கரம் தரையில் படும். அந்த இடைவெளிதான் சக்கரத்தை நேராக இழுத்துப் பிடிக்கிறது. வண்டி முன்னால் கவிழக் கவிழ அது குறையும். மஞ்சக்குப்பத்து டிராஃபிக்கில் "அட, நல்லா வளையுதே" என்றுகூடத் தோன்றும். வேகம் எடுத்தால்தான் தெரியும்.

அதனால் பட்டையைக் கழற்றுமுன் முன்பக்கத்தைப் பாருங்கள். கீழ்க் கிளாம்புக்கு மேலே குழாயில் மங்கலாக ஒரு வளையத் தடம் தெரிந்தால், கிளாம்பு முதலில் பிடித்திருந்த இடம் அதுதான். எவ்வளவு நீட்டியிருக்கிறது என்று ஸ்கேல் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். சரியான அளவு சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். சென்டர் ஸ்டாண்டு போட்டு, எஞ்சின் அடித்தகட்டுக்குக் கீழே ஜாக்கி கொடுத்து, ஒவ்வொரு பக்கமாகத் தளர்த்தி இறக்குங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் தளர்த்தினால் முன்பக்கம் சரிந்து உட்கார்ந்துவிடும். இடது வலது இரண்டும் ஒரே அளவில் நிற்க வேண்டும். முன்சக்கர அச்சைப் பிடிக்கும் சின்ன போல்ட்டைக் கடைசியில், ஃபோர்க்கை நாலைந்து முறை அமுக்கி எடுத்த பிறகு, இறுக்குங்கள்.

முன் ஃபோர்க்கின் ஸ்ப்ரிங்கை வெட்டி இறக்கியிருந்தால்

புதுசு வாங்குங்கள். வெட்டிய ஸ்ப்ரிங்குக்கு மேல் பைப் துண்டு வைத்து நிரப்பினால் உயரம் வரும், மெத்து வராது. 50 சுற்றில் 10-ஐ வெட்டினால் ஸ்ப்ரிங் கால் பங்கு கூடுதல் விறைப்பாகும். பெரிய பள்ளத்தில் ஃபோர்க் முழுசாக இறங்குமுன்னே சுற்றுகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும்.

ப்ரீலோடைத் திருகி உயரம் தேடுவது

பட்டை கிடைக்கவில்லை என்று பின் ஷாக்கின் ப்ரீலோடை, அதாவது ஸ்ப்ரிங்கை முன்கூட்டியே அழுத்திவைக்கும் திருகை, கடைசிவரை திருகுகிறவர்கள் உண்டு. சீட்டு உயரும், சரி. ஆனால் ஆள் உட்கார்ந்தால் ஷாக் கொஞ்சம் அமுங்கித்தான் ஆக வேண்டும், மொத்த அசைவில் சுமார் 30 சதவீதம் என்பது பொதுக் கணக்கு. அது இல்லாவிட்டால் ஸ்பீட் பிரேக்கரில் பின்சீட்டு உங்களைத் தூக்கி எறியும்.

சைடு ஸ்டாண்டு

வண்டியை இறக்கியவர் ஸ்டாண்டையும் வெட்டியிருப்பார். உயர்த்திய வண்டியை அந்தக் குட்டை ஸ்டாண்டில் நிறுத்தினால் இடப்பக்கம் ஆபத்தாகச் சாயும். மே மாத வெயிலில் இளகிய தாரில் ஸ்டாண்டின் கால் புதைந்தால் கிட்டத்தட்ட 200 கிலோ படுத்துவிடும். என் வண்டி டீக்கடை வாசலில் அடுத்தவர் ஸ்கூட்டர் மேல் படுத்தது. துண்டு வைத்து வெல்டிங் அடித்தேன், உப்புக்காற்றில் அந்த ஒட்டு ஒரு மழைக்காலம்தான் தாங்கியது. முழு ஸ்டாண்டையே புதிதாக வாங்கிவிடுங்கள்.

துரு ஏறிய லிங்க் போல்ட்

முதல் நாள் ராத்திரியே துரு எண்ணெய் அடித்துவையுங்கள். சுத்தியல் வேண்டாம். கழற்றிய கையோடு லிங்க்குக்குள் இருக்கும் நீடில் பேரிங்கைத் துடைத்து கிரீஸ் வையுங்கள், கடலோர வண்டிக்கு அது எப்போதும் பாக்கியாகத்தான் இருக்கும்.

செயின்

தொய்வு மாறியிருக்கும். மறுபடி அளந்து வையுங்கள்.

ஹெட்லைட்

வெளிச்சம் விழும் உயரமும் மாறியிருக்கும். அதையும் சரிசெய்யுங்கள்.

இந்த ஞாயிறு அந்தத் தம்பி மறுபடி வந்தான். ஃபோர்க் இரண்டு பக்கமும் ஒரே அளவு, ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். "இப்ப உதறலே இல்லண்ணே" என்றான். ஸ்டாண்டு மட்டும் இன்னும் அந்த வெட்டினதுதான். கைப்பிடிச் சுவரில் வண்டியைச் சாத்தி, ஒரு கையால் பிடித்துக்கொண்டே டீ குடித்தான்.