"திருந்திடுச்சு அண்ணே": முரட்டுக் குதிரைமேல் பணம் கட்டுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன சீசனில் பெங்களூர் ரேஸ் கோர்ஸில், ரேஸுக்கு முன் குதிரைகளை நடத்திக் காட்டுகிற பேடக்கின் கம்பியோரம் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் இருபத்தைந்து வயதுப் பையன் ஒருவன். கையில் ரேஸ் புக், அதில் ஒரு பெயரைச் சுற்றி மூன்று வட்டம். "இது முன்னாடி கேட்டுல நிக்காது அண்ணே. இப்ப ரெண்டு ரேஸா ஒழுங்கா ஓடுது. திருந்திடுச்சு" என்றான். எனக்கு உடனே ஒரு கேஸ் அடுப்பு ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

தோற்ற பணத்தைத் துரத்தாதே, ஓசி டிப்பை நம்பாதே, வாடகைப் பணத்தோடு வராதே என்றெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. கிண்டி ஸ்டேஷனில் மின்சார ரயிலை விட்டு இறங்கிய காலத்தில் அதெல்லாம் எனக்கும் தெரியும், தெரிந்தேதான் செய்தேன். இங்கே பேச்சு குணம் கெட்ட குதிரைகளைப் பற்றி மட்டும். ரேஸ் கிளம்புகிற கூண்டான கேட்டுக்குள் போக அடம் பிடிப்பவை, போனாலும் நிற்காதவை, முதல் 400 மீட்டரிலேயே ஜாக்கியோடு மல்லுக்கட்டித் தெம்பைத் தீர்த்துக்கொள்பவை, முன்னால் வந்ததும் "போதும்டா" என்று காதைத் தூக்கிக்கொண்டு வேகத்தைக் குறைப்பவை.

வியர்வையை எல்லா ஊரிலும் ஒரே மாதிரி படிப்பது

கிண்டியில் பிற்பகல் இரண்டு மணிக்கு வியர்க்காத குதிரையைப் பார்த்தால்தான் கவலைப்பட வேண்டும். அதே வியர்வையை, ஊட்டியில் ரேஸ் நடந்த காலத்தில், 2,200 மீட்டர் உயரத்தில், நாம் ஸ்வெட்டர் போட்டு நின்றபோது பார்த்திருந்தால் அர்த்தமே வேறு. குதிரை வியர்வையில் லேத்தரின் என்றொரு புரதம் இருக்கிறது. சோப்பு மாதிரி நுரை கட்டும். கடிவாள வார் உரசுகிற கழுத்தில் நுரை இருந்தால் பெரும்பாலும் அது வெறும் உரசல். குளிரில், பின்னங்கால்களுக்கு நடுவே வெள்ளையாக நுரை வழிந்தால் ரேஸை அது பேடக்கிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

1970இல் இங்கிலாந்தின் மூன்று பெரிய பந்தயங்களையும் ஜெயித்த நிஜின்ஸ்கி என்ற குதிரையே பாரிஸில், அக்டோபர் மாதத்தில், பேடக்கில் கூட்டம் மொய்த்ததில் பதறி வியர்த்துப்போய், ஒரு தலை வித்தியாசத்தில் தோற்றது.

ஜாக்கி அடக்கிவிடுவார் என்று நம்புவது

ஜாக்கி 55 கிலோ. குதிரை 500 கிலோ.

திருந்திவிட்டது என்று முடிவு கட்டுவது

இதுதான் என்னை இன்றைக்கும் அரிக்கிற தவறு.

குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த ஆட்டம் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது, அதுவும் மெட்ராஸ் ரேஸ் கிளப் சம்பந்தப்பட்ட வழக்கில். தீர்ப்பு ஆட்டத்தைப் பற்றியது. நான் அதை எனக்குக் கொடுத்த சர்டிபிகேட்டாக எடுத்துக்கொண்டேன். அதற்கு ஓரிரு வருடம் கழித்துக் கிண்டியில் ஒரு செம்பழுப்புக் குதிரை, நெற்றியில் காசளவு வெள்ளை. நல்ல வேகம், ஆனால் கேட்டுக்குள் நிற்காது. பக்கத்துத் தடுப்பை உதைக்கும், தலையைத் திருப்பிக்கொள்ளும். நாலைந்து ரேஸ் அப்படியே கெட்டது. பிறகு அடுத்தடுத்து இரண்டு வெற்றி. புக்கிகள் விலையை நெரித்துவிட்டார்கள்; நூறு கட்டினால் லாபம் எண்பது. நான் நாலாயிரம் கட்டினேன். வீட்டில் கேஸ் அடுப்பு மாற்ற எடுத்து வைத்த பணமும் அதில் அடக்கம்.

அந்த இரண்டு வெற்றியும் எப்படி வந்தன? நான் பார்த்தேன், ஆனால் கணக்கில் சேர்க்கவில்லை. இரண்டிலும் ஆறேழு குதிரைகள்தான். இரண்டிலும் வெளிப்பக்க கேட், கடைசியாக ஏற்றினார்கள். உள்ளே போய் மூச்சு விடுவதற்குள் கேட் திறந்துவிட்டது. வார நாள், கூட்டமில்லை. ஒரே ஜாக்கி. தினமும் அதைத் தேய்த்துக் கழுவுகிற அதே குதிரைக்காரன், சைஸ் என்போமே, அவன்தான் இரண்டு நாளும் கயிறு பிடித்து நடத்தினான்.

நான் கட்டியது ஞாயிற்றுக்கிழமை. 14 குதிரைகள், உள் கேட், முன்னதாகவே ஏற்றிவிட்டார்கள். பேடக்கில் புது ஆள் இரண்டு பேர் இருபுறமும் பிடித்து வந்தார்கள். பழைய சைஸ் எங்கே என்று கேட்டேன். ஊருக்குப் போயிருக்கிறான் என்றார்கள். கேட்டுவிட்டு நேராக புக்கியிடம் போனேன் பாருங்கள், அதுதான் இன்னும் ஆறவில்லை! வேறொரு குதிரை ஏற அடம் பிடித்ததில் நம்ம ஆள் உள்ளே இரண்டு நிமிஷத்துக்கு மேல் நின்றது. கேட் திறந்தபோது அதன் தலை பக்கத்துக் குதிரையின் பக்கம் இருந்தது. ஐந்து லெங்த், அதாவது ஐந்து குதிரை நீளம், பின்னால் கிளம்பி ஏழாவதாக வந்தது. கடைசி 300 மீட்டரில் அது ஓடிய வேகத்தைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர், "அடுத்த வாட்டி இதுதான் சார்" என்றார்.

வீட்டில் கேட்டார்கள். அடுப்பு ஆடித் தள்ளுபடியில் வரும் என்று சொல்லிவைத்தேன். எந்த ஆடி என்று சொல்லவில்லை.

குதிரை திருந்தவில்லை, அதற்கு ஒத்துவந்த நாள் இரண்டு வாய்த்தது, அவ்வளவே. நம்மிடம் விற்கும்போது மட்டும் "திருந்தியது" என்று விலை போட்டு விற்றுவிடுகிறார்கள்.

நான் மட்டும் ஏமாந்தேன் என்றில்லை. ஜப்பானின் கோல்ட் ஷிப் என்ற குதிரை 2013, 2014 இரண்டு வருடமும் தகராசுகா கினென் பந்தயத்தை ஜெயித்தது. 2015 மே மாதம் டென்னோ ஷோ பந்தயத்தில் கேட்டுக்குள் போக மறுத்து, கண்ணைக் கட்டி ஏற்றினார்கள். ஏறி, ஜெயித்தும் விட்டது. ஜனங்கள் வெற்றியை எடுத்துக்கொண்டார்கள், கண்கட்டை மறந்துவிட்டார்கள். ஜூன் 28 அன்று மூன்றாவது தகராசுகா: நூறு யென் கட்டினால் முதலோடு சேர்த்து 190 யென் என்ற விலை. கேட் திறக்கிற நேரத்தில் அது பின்னங்காலில் எழுந்து நின்றது. 16 குதிரைகளில் 15ஆவது. அதை நம்பிக் கட்டியதில் சுமார் 1,200 கோடி யென் அந்த ஒரு கணத்தில் போயிற்று. அதே தகப்பனுக்குப் பிறந்த ஓர்ஃபேவ்ர், 2011இல் ஜப்பானின் மூன்று கிரீடப் பந்தயங்களையும் ஜெயித்தது. அடுத்த மார்ச்சில் ஓடிக்கொண்டிருக்கும்போதே வளைவில் வெளியே விலகிப்போய், ஏறக்குறைய நின்றுவிட்டு, திரும்பி வந்து இரண்டாவதாக முடித்தது. திறமை ஒரு பக்கம், குணம் ஒரு பக்கம். இரண்டையும் ஒரே எண்ணாகக் கூட்ட முடியாது.

இங்கிலாந்தில் குதிரைகளுக்கு மதிப்பெண் போடுகிற டைம்ஃபார்ம் நிறுவனத்தின் கணக்கர்கள் இப்படிப்பட்ட குதிரையின் மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் பாம்பு மாதிரி நெளிந்த ஒரு குறி போடுவார்கள். ரொம்ப மோசம் என்றால் இரண்டு. நானும் நோட்டில் அப்படி ஒரு குறி போடுகிறேன். பக்கத்தில் எத்தனை குதிரை, எந்த கேட், எப்போது ஏற்றினார்கள், உள்ளே எவ்வளவு நேரம், யார் ஓட்டினார், யார் நடத்தி வந்தார் என்று எழுதுவேன். குறி போட்ட குதிரையைத் தொடவே மாட்டேன் என்றில்லை. நூறுக்கு ஐந்நூறு தந்தால் யோசிப்பேன். எண்பதுக்குக் கிடையாது.

பிளிங்கரை மருந்தாக நினைப்பது

குதிரைக்குத் தலையைச் சுற்றி ஏறத்தாழ முழுவதும் தெரியும், நேர் பின்னால் கொஞ்சம் போக. பிளிங்கர் என்ற கண்ணோர மறைப்பு அந்தப் பார்வையை முன்பக்கத்துக்குக் குறுக்குகிறது. வேடிக்கை பார்க்கிற சோம்பேறிக்கு அது நல்லது. ஏற்கெனவே வாயைப் பிடுங்கிக்கொண்டு பறக்கிற குதிரைக்குப் போட்டால் இன்னும் வெறி பிடித்த மாதிரி இழுக்கலாம். "முதல் தடவை பிளிங்கர்" என்று படித்தவுடனே பர்ஸைத் திறக்கிற பழக்கம் புதியவர்களிடம் நிறைய. எந்த நோய்க்கு இந்தப் பட்டி என்று முதலில் கேளுங்கள்.

வலியைத் திமிர் என்று எழுதிவைப்பது

காதைப் பின்னால் மடக்குவது, வாலை விசிறுவது, சேணம் கட்டும்போது கடிக்க வருவது: நாம் உடனே "திமிர்" என்போம். பந்தயக் குதிரைகளுக்கு வயிற்றுப்புண் சர்வசாதாரணம். வயிறு எரிகிறவனுக்குச் சிடுசிடுப்பு இருக்கத்தான் செய்யும். எப்போதும் ஒரே பக்கமாக இழுக்கிற குதிரைக்கு அந்த இழுப்பு காலில் இருக்கலாம், முதுகில் இருக்கலாம், பல்லில்கூட இருக்கலாம். இது முக்கியம், ஏனென்றால் வலி ஆறினால் குதிரை உண்மையிலேயே மாறும். நேற்றுவரை சாதுவாக இருந்தது திடீரென்று கெட்டுப்போனால் நான் வலியைத்தான் முதலில் சந்தேகிப்பேன். இரண்டு வயதிலிருந்தே இப்படித்தான் என்றால் அது பிறவிக் குணம்.

காயடித்த கையோடு கட்டுவது

உடம்பு ஆறினாலும் பழக்கம் ஆற மாதக்கணக்காகலாம். ஒன்றிரண்டு ரேஸ் சும்மா பாருங்கள்.

சுழி பார்ப்பது

பெரியப்பா மாடு வாங்கப் பார்த்தார். புக்கி பார்ப்பதில்லை.

ஜெயித்ததும் கணக்கை மூடிவிடுவது

அந்தப் பையனின் குதிரை அன்றைக்கு ஜெயித்தது, மூன்று லெங்த்தில். ஏழே குதிரை. வெளி கேட். கடைசியாகத்தான் ஏற்றினார்கள். பையன் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டு, காபி வாங்கித் தந்தான். "சொன்னேன்ல அண்ணே?" என்றான். காபி நன்றாக இருந்தது. கோப்பையைக் கம்பிமேல் வைத்துவிட்டு நோட்டை எடுத்து, கேட் நம்பரையும் ஏற்றிய நேரத்தையும் எழுதினேன். அடுத்து எப்போது ஓடுகிறது என்று அவனிடமே கேட்டுக்கொண்டேன்.